பதிமூன்றாவது அங்குலம்

தையல்காரர் கடைசியாகக் கிளம்பிப் போனது ஒரு புதன்கிழமை, காலை பத்தே முக்கால் பேருந்துக்கு. பூங்காக்காரம்மா அப்போது ஏரிக்கரைப் பூங்காவின் ஆறாம் கூடார இடத்தில் குனிந்து புல்லுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். வாடகைக் கூடாரம் ஒன்றுக்கு எட்டு முளைகள். முந்தின நாள் தங்கியவர்கள் ஏழு மட்டுமே திருப்பித் தந்திருந்தார்கள். எட்டாவது அகப்படும்வரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டார். தான் தேடி எடுக்காவிட்டால் அடுத்து வருபவரின் குதிகால் கண்டுபிடித்துவிடும் என்பது அவர் அனுபவம்.

தையல்காரர் வாசலைத் தாண்டினார். ஒரு தோளில் சுருட்டிய கூடாரம், மறு கையில் காலி வாளி. எட்டு வருடமாக வாசலில் நின்று "வரேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அன்று சொல்லவில்லை. பூங்காக்காரம்மாவும் நிமிரவில்லை. எட்டாவது முளை கிடைத்தபோது பேருந்து போய்விட்டிருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மரமேடையில் நடந்ததுதான் காரணம். தையல்காரர் ஒரு கெண்டை பிடித்திருந்தார். பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறைந்த மீனை ஏரியிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. மேடையின் முனையில் ஆணியடித்த அளவுப் பலகையில் மீனைக் கிடத்தினார்கள். வால் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை.

"அரை அங்குலம் கம்மி. விட்டுடுங்க."

"நல்லாப் பாருங்கம்மா."

"பாத்துட்டேன்."

தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி மீன்மேல் வைத்தார். "பன்னெண்டரை இருக்கு. நீங்களே வந்து பாருங்க."

"துணி அளக்குற டேப்பு அது. நனைஞ்சு காஞ்சு சுருங்கியிருக்கும்."

"முப்பத்தெட்டு வருஷமா இத வெச்சுத்தாம்மா ஊருக்கே சட்டை தைச்சேன். ஒருத்தருக்காவது பொத்தான் எட்டாமப் போயிருக்குமா?"

"சட்டையப் பிரிச்சுத் தைச்சுக்கலாம். மீனைப் பிரிக்க முடியாது."

தையல்காரர் குரலை இறக்கினார். "வெள்ளிக்கிழமை மகன் வீட்டோட போயிடறோம்மா. கடையையும் குடுத்தாச்சு. இனி இந்தப் பக்கம் வர வழியில்ல. நான் மீனே புடிக்கறதில்ல, எங்கயோ போய்ப் படுத்துத் தூங்கிட்டு வரேன்னு எட்டு வருஷமா வீட்ல சொல்லிட்டிருக்கா. ஒண்ணே ஒண்ணு கொண்டுபோய்க் காட்டிடறேன். அவ்வளவுதான்."

"நீங்க ஊரை விட்டுப் போறது மீனுக்குத் தெரியுமா?"

இந்தப் பேச்சு முடியும்வரை பூங்காக்காரம்மா குவளையால் மீன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு கையாலும் அதை எடுத்து, மேடையில் மண்டியிட்டு, தண்ணீருக்குள் விட்டார். மீன் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டுப் போனது.

அவர் எப்போதும் அப்படித்தான். பதினொரு கூடார இடங்கள், ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு கழிப்பறைகள், ஏரிக்குள் இருபது அடி நீளும் ஒரு மரமேடை. இவ்வளவே அந்தப் பூங்கா. இதற்கு அவர் எழுதி வைத்திருக்கும் விதிகள் இருபத்திரண்டு. வாசலில் மூன்று நிறப் பெயின்டில் தொங்குகின்றன. வருகிறவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும், எதிரில் நின்று ஒரு கேள்வி கேட்பார்: "குறட்டை உண்டா?" முகத்தில் சிரிப்பு இருக்காது. கணவர் "இல்லையே" என்றால் மனைவியைப் பார்ப்பார். மனைவி ஏரியைப் பார்த்தால், அந்தக் குடும்பத்துக்குத் தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து இடம். வரும்போதே பேசிக்கொள்ளாத தம்பதிகளுக்கு எட்டாம் இடம். அது ஒதுக்குப்புறம், நாணலுக்குப் பின்னால். "அங்க கத்தினா தவளைதான் பதில் சொல்லும்" என்பார்.

இந்தப் பூங்காவுக்கு வருவதற்கு முன் பத்தொன்பது வருடம் ஒரு பேருந்து நிலையத்தில் வண்டிகளின் நேரத்தை அறிவித்தவர். ஒலிபெருக்கி பாதி நாள் வேலை செய்யாததால் குரல் தானாக வளர்ந்தது. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், இட எண்தான். "நாலாம் நம்பர், அடுப்ப அணைங்க!" என்று அவர் வாசலில் நின்று சொன்னால் எதிர்க்கரையில் இருப்பவர் தன் அடுப்பைத் திரும்பிப் பார்ப்பார். வருடக்கணக்காக வருபவர்களுக்கு எண் ஒட்டிக்கொண்டது. தையல்காரர் மூணாம் நம்பர். செவ்வாய் மத்தியானம் வந்து கூடாரம் போடுவார், புதன் காலை கிளம்புவார். அந்தக் கூடாரம் அவரே தைத்தது. வெட்டி மிஞ்சிய கால்சட்டைத் துணி, கோட்டு உள்துணி, எவரோ வாங்காமல் விட்டுப்போன சீருடைத் துணி எல்லாம் சேர்த்து. உள்ளே ஏழு பைகள் வைத்திருந்தார். மெல்லிய தூண்டில் நரம்பு, ஊசி மாதிரிச் சின்ன முள், மாவு உருண்டை. அவர் தொழிலைப் போலவே அவர் தூண்டிலும் நுணுக்கம். அதனால் பெரிய மீன் எதுவும் அதைச் சீந்தியதில்லை.

பூங்காக்காரம்மா தூண்டில் பிடித்ததே கிடையாது. மீன் சாப்பிடவும் மாட்டார். "நாள் முழுக்க மூஞ்சியப் பாத்துட்டு எப்படிங்க சாப்பிடறது?" என்பார். ஆனால் அளப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் பலகையை நனைக்க வேண்டும், இல்லையென்றால் மீனின் வழவழப்பு போய்விடும். பிறகு மூக்கைத் தடுப்புக் கட்டையில் முட்ட வைக்க வேண்டும். "வாய மூடு, அளக்கணும்" என்று மீனிடம் சொல்வார். சுற்றி நின்று பேசிக்கொண்டிருப்பவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள்.

வாசலில் அவர் அறையை ஒட்டி ஒரு தகரக் கடை. தூண்டில் முள், தக்கை, ஈரமண்ணில் புழு, தீப்பெட்டி, பிஸ்கட், தேநீர். அதை நடத்துபவர் அவர் நாத்தனார். பதின்மூன்று வருடத்துக்கு முன், தான் வேலை பார்த்த பொட்டலம் கட்டும் ஆலையை மூடியபோது, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. பூங்காக்காரம்மாவின் கணவர் நகரத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். அவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அறைக்குள் நுழைய வேண்டும். "எங்கண்ணனுக்குக் குறட்டை உண்டு, மோட்டார் பக்கம் போடுங்க அண்ணி" என்று நாத்தனார் கடைக்குள்ளிருந்து குரல் கொடுப்பார்.

தையல்காரர் போய் மூன்று வாரம் கழித்து மீன்துறை அலுவலகத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. எல்லா ஏரிகளுக்கும் ஒரே மாதிரியாகச் செய்த எஃகு அளவுத் தகடு, நான்கு திருகாணிகளோடு. பழைய மரப்பலகையைக் கழற்றுவதற்கு முன் பூங்காக்காரம்மா தகட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தார்.

"இங்க வா."

"பால் அடுப்புல இருக்கு அண்ணி."

"பால் கெடக்கட்டும். வா."

நாத்தனார் வந்தார். தகட்டின் பன்னிரண்டுக்கும் பலகையின் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி.

"புதுசு தப்பா அடிச்சு அனுப்பிட்டாங்க" என்றார் பூங்காக்காரம்மா.

நாத்தனார் அறைக்குப் போய், பதிவேட்டில் கோடு போடும் அடிக்குச்சியை எடுத்து வந்தார். சரியாகப் பன்னிரண்டு அங்குலக் குச்சி. தடுப்புக் கட்டையில் முட்ட வைத்தார்கள். குச்சி முடிந்த இடத்துக்கு அப்பால் இன்னும் ஒரு அங்குலம் போய்த்தான் கோடு இருந்தது.

ஏரியில் ஏதோ துள்ளி விழுந்தது. இரண்டு பேரும் திரும்பவில்லை.

"அண்ணி, இந்தப் பலகை செஞ்ச அன்னிக்கு நாம அளந்த டேப்புல முதல் அங்குலம் பிஞ்சு போயிருந்துச்சுல்ல?"

"ஆமா. ஒண்ணுலேருந்துதான் ஆரம்பிக்கும்."

"அதனாலதான் நான் நுனியக் கட்டைல முட்ட வெக்காம, ஒரு அங்குலம் தள்ளிப் புடிச்சேன்."

"நீ தள்ளிப் புடிச்சியா?"

"பின்ன? இல்லாத அங்குலத்துக்கு எடம் விட வேணாமா?"

"அடிப்பாவி. அதுக்காகத்தானே நான் இந்தப் பக்கம் பன்னெண்டுல போடாம பதிமூணுல கோடு போட்டேன்!"

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொன்னியா?"

ஒன்பது வருடத்துக்கு முன் அந்தப் பலகையைச் செய்த மத்தியானத்தில் டேப்பின் ஒரு முனையை நாத்தனாரும் மறு முனையை அண்ணியும் பிடித்திருந்தார்கள். காணாமல் போன அங்குலத்தை இருவரும் தனித்தனியாக ஈடுகட்டினார்கள். சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று இருவருமே நினைத்தார்கள். இரண்டு பேரில் ஒருவர் அசட்டையாக இருந்திருந்தால் கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கும்.

பால் பொங்கி அடுப்பு அணைந்த வாசனை வந்தது. நாத்தனார் போகவில்லை. "பலகையக் கழட்டி அடுப்புல வெச்சா பத்து நிமிஷத்துல சாம்பல். புதுசு வந்துச்சு, பழசு போச்சு. யாரு கேக்கப் போறா அண்ணி?"

பூங்காக்காரம்மா பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு அறைக்குப் போனார். அன்று மாலைச் சுற்றுக்கு அவர் வரவில்லை. ஐந்தாம் நம்பரில் பாட்டுப்பெட்டி விதியை மீறிச் சத்தமாகப் பாடியது. நாத்தனார்தான் போய் அதட்டினார். குரல் எடுபடவில்லை.

மறுநாள் காலை வாசலில், இருபத்திரண்டு விதிகளுக்குக் கீழே, பழைய பலகை தொங்கியது. அதில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது: "இந்தப் பலகை ஒன்பது வருடம் ஓர் அங்குலம் கூட்டி அளந்தது. இங்கே நீங்கள் திருப்பி விட்ட மீன்களில் பல, சரியான அளவுள்ளவை. தவறு பூங்காவுடையது."

நாத்தனார் தேநீர்க் குவளையோடு நின்று படித்தார். "பூங்காவுடையதா? பூங்கா என்ன பண்ணுச்சு, பாவம்?"

பூங்காக்காரம்மா பெயின்டு டப்பாவை மறுபடி திறந்தார். 'பூங்காவுடையது' என்பதை அடித்துவிட்டு 'என்னுடையது' என்று எழுதினார்.

"நம்முடையதுன்னு போடுங்க. ஒரு முனைய நான்தானே புடிச்சேன்."

"நீ கடைக்காரி. கடைக்கும் பலகைக்கும் சம்பந்தமில்ல. போய் டீயப் போடு."

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் அதைப் படித்தார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பு எதிர்க்கரைக்குக் கேட்டது. நாலாம் நம்பர் ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர். இடுப்பில் கை வைத்து நின்று, "அப்ப என்னோட ஆறு மீனு? என் சம்சாரம் மசாலாவோட காத்துக்கிட்டிருந்த ஆறு மீனு?" என்றார்.

"ஏரியிலதான் இருக்கு. புடிச்சுக்குங்க."

"இந்நேரம் அதுங்க பேரன் பேத்தி எடுத்திருக்குமேம்மா!"

"எடுத்திருந்தா அதுங்களையும் சேத்துப் புடிங்க. அளந்துட்டு."

பிள்ளைகள் அவருக்குப் 'பதிமூணு' என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்கள் அவர் காது கேட்காத தூரத்தில் அதையே சொன்னார்கள். காது கேட்காத தூரம் என்று அவர்கள் நினைத்த தூரத்தில். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு ஏரிக்குப் போய்விட்டார்கள். மீன்துறைக்கு அவரே நடந்ததை எழுதி அனுப்பினார். வேலை போகலாம் என்று நாத்தனார் பயந்தார். நாற்பது நாள் கழித்து ஒரே ஒரு வரி பதில் வந்தது: "குறித்துக்கொள்ளப்பட்டது."

சிரிப்பை அவர் தாங்கிக்கொண்டார். ஆனால் நடையில் ஏதோ மாறியிருந்தது. கூடார இடங்களுக்கு நடுவே இருந்த தூரங்களை எல்லாம் அடிக்குச்சியால் மறுபடி அளந்தார். மேடையின் நீளத்தை அளந்தார், இருபது அடிதான். கடையில் கண்ணாடி ஜாடியிலிருந்த தூண்டில் முட்களை எண்ணினார். "புழுவையும் அளந்துடுங்க, அதுங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு" என்றார் நாத்தனார். பூங்காக்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் இடத்தைச் செவ்வாய்க்கிழமைகளில் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். கேட்டால் அங்கே எறும்பு என்றார்.

ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமலே சொன்னார்: "மீனுக்குத் தெரியுமான்னு கேட்டுட்டேன், பாரு."

"யாரு கிட்ட?"

"மூணாம் நம்பர் கிட்ட. ஊரை விட்டுப் போறேன்னாரு. மீனுக்குத் தெரியுமான்னு கேட்டுட்டேன்."

நாத்தனார் பிஸ்கட்டை நனைத்தார்.

பதிவேட்டில் தையல்காரர் எழுதியிருந்தது கடையின் தொலைபேசி எண். அதற்குப் போட்டால் எண் உபயோகத்தில் இல்லை என்றது. ஆறு வருடத்தில் முதல் முறையாகப் பூங்காக்காரம்மா ஒரு நாள் விடுப்பு எடுத்தார். பேருந்து ஏறிப் போய், பேருந்து நிலையத்துக்கு எதிரே அந்தக் கடையைக் கண்டுபிடித்தார். இப்போது அங்கே கைபேசி உறைகள் விற்கிறார்கள். துணி வெட்டிய நீள மேசையில் உறைகள் நிறவாரியாக அடுக்கியிருந்தன. சுவரில் மட்டும் பென்சில் எண்கள் அப்படியே இருந்தன: இடுப்பு, தோள், கை நீளம், யார் யாருடையதோ. பூங்காக்காரம்மா அந்தச் சுவரை வெகுநேரம் படித்தார். எங்குமே அடித்தல் திருத்தல் இல்லை.

"அவரு மகனோட வெளியூரு போயிட்டாருக்கா. நம்பரெல்லாம் மாத்திட்டாரு. வந்தா சொல்றேன்" என்றார் உறைக் கடைக்காரர்.

"வருவாரா?"

"மாமனாரு வீடு இங்கதானே. எப்பவாவது வருவாரு."

பூங்காக்காரம்மா அறையிலேயே எழுதி எடுத்து வந்திருந்த காகிதத்தை நீட்டினார். இரண்டே வரி. "ஐயா, பலகை தப்பு, உங்கள் டேப் சரி. அந்த மீன் உங்களுடையது." கீழே நாத்தனாரின் கைபேசி எண். கடைக்காரர் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். காகிதம் கோணலாக இருந்தது. பூங்காக்காரம்மா கண்ணாடியைத் தூக்கச் சொல்லி, நேராக வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பதினான்கு மாதம் ஓடியது. எஃகுத் தகடு கொஞ்சம் மங்கியது. 'பதிமூணு' என்று கூப்பிட்ட பிள்ளைகள் வளர்ந்து வேறு விளையாட்டுக்குப் போனார்கள். எட்டாம் இடத்தில் விட்ட தம்பதிகளில் ஒரு ஜோடி அடுத்த முறை வந்து, மேடைக்குப் பக்கத்திலேயே இடம் கேட்டது.

ஒரு மத்தியானம் நாத்தனார் கடைக்குள்ளிருந்து கைபேசியை நீட்டிக்கொண்டே ஓடி வந்தார். "அண்ணி, உங்க மூணாம் நம்பரு! பேசி அனுப்பியிருக்காரு, கேளுங்க!"

குரல் அவசரத்தில் இருந்தது.

"அம்மா, நான் தையல்காரன் பேசறேன். உங்க கடுதாசி போன வாரந்தான் கைக்கு வந்துச்சு. ரொம்ப சந்தோஷம். இங்க அவ கிட்டக் காட்டினேன். நம்ப மாட்டேங்கறா. யாரோ கூட்டாளிய விட்டு எழுதி வாங்கிட்டு வந்திருக்கீங்க, இதுல சீலும் இல்ல, மீனு எவ்வளவு நீளம்னும் இல்லேங்கறா. அதனால நீங்க ஒழுங்கா ஒரு காகிதத்துல, பூங்கா சீலு வெச்சு, இன்ன தேதிக்கு இவரு இத்தனை அங்குலம் மீனு புடிச்சாருன்னு எழுதி அனுப்பணும்." அப்புறம் பின்னால் ஒரு பெண் குரல், "யாரு கிட்ட பேசறீங்க?" என்றது. "பாங்க்குலேருந்தும்மா!" என்று பதில். கதவு ஒன்று சாத்தும் சத்தம். குரல் கிசுகிசுப்பானது. "அம்மா, இன்னொண்ணு. எட்டு வருஷமா என்கிட்டேருந்து ஒரு அங்குலம் எடுத்துக்கிட்டீங்கல்ல. அத இப்பக் குடுத்துடுங்க. பன்னெண்டரைன்னு போடாதீங்க. பதிமூணரைன்னு போடுங்க. வெச்சிடறேன்."

நாத்தனார் சிரித்துச் சிரித்துக் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டார். "ஆளப் பாரு! யாரு கிட்ட கேக்கறாரு பாரு! இவங்க முளைய எண்றவங்க!"

பூங்காக்காரம்மா அதை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு அறைக்குள் போய் மேசை முன் உட்கார்ந்தார். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அடிக்குச்சி வைத்து நான்கு கோடு போட்டார். தேதி, கிழமை, இடம் எண் மூன்று, மீன் கெண்டை என்று முத்து முத்தாக எழுதினார். நீளம் என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

நாத்தனார் சிரிப்பைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "என்ன போடப் போறீங்க?"

"உள்ளதத்தான்."

பேனா நகர்ந்தது. "பதிமூன்றரை அங்குலம்." கையெழுத்துப் போட்டார். இழுப்பறையிலிருந்து பூங்கா முத்திரையை எடுத்து மையில் அழுத்தினார். நாத்தனார் எட்டிப் பார்க்கக் கிட்டே வந்தபோது, இடது உள்ளங்கையை விரித்து அந்த வரியை மூடிக்கொண்டு, வலது கையால் முத்திரையைக் குத்தினார்.